மலை இறக்கத்தில் நியூட்ரல்: பெட்ரோல் மிச்சமாகுமா?

கேள்வி — திருப்பூர் வாசகர், 12.04.2024

சித்திரை விடுமுறைக்கு முதன்முறையாகச் சொந்தக் காரில் வால்பாறை போய்வர இருக்கிறோம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர். எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். திரும்பி வரும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறக்கினால் ஒரு லிட்டர் பெட்ரோலாவது மிச்சமாகும் என்று அவர் சொல்கிறார். கூடவே கூடாது என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?

12.04.2024, இரவு

தம்பி சொல்வதைக் கேளுங்கள். மலை இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. பெட்ரோலும் மிச்சமாகாது.

ஆனால் பெரியவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவர் ஓட்டிய வண்டிகளுக்கு அது பொருந்தும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்க கால மாருதி 800 எல்லாம் கார்பரேட்டர் வண்டிகள். கியரில் இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு காற்றை இழுக்கும். அந்தக் காற்றோடு கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் வந்துகொண்டே இருக்கும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் மெதுவாக ஓடும் என்பதால் கொஞ்சம் மிச்சமானது உண்மைதான். அந்த மிச்சத்துக்காக அன்றைக்கும் உயிரைப் பணயம் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. உங்கள் வண்டியில் எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது என்று முடிவு செய்வது ஒரு சிறு கணினி. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, எஞ்சினோ வேகமாகச் சுழல்கிறது என்றால், வண்டி சரிவில் தானாகவே உருள்கிறது என்று புரிந்துகொண்டு அது தெளிப்பதையே நிறுத்திவிடும். அப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள்; செலவு சுழியம். நியூட்ரலில் போட்டுவிட்டால் சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கத் தானே பெட்ரோல் குடித்தாக வேண்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது கியரில்லாமல் சும்மா ஓடும்போது, மணிக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் செலவுதான் செய்கிறோம்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். வால்பாறை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து ஆழியாறு ஆயிரம் அடிப் பக்கம். இடைப்பட்ட 2,500 அடியை, அதாவது ஏறக்குறைய 750 மீட்டரை, ஒரு டன் எடையுள்ள வண்டி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 25 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். நியூட்ரலில் இறங்கினால், காற்றும் டயரும் தின்றதுபோக மீதி முழுவதும் முன்சக்கரத்து இரண்டு பிரேக் தட்டுகளிலும் பின்சக்கரத்து இரண்டு பிரேக் டிரம்களிலும் வந்து இறங்கும்.

13.04.2024

நானும் ஒரு முறை நியூட்ரலில் இறங்கி மாட்டிக்கொண்டவன். அப்போது எனக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

2011 மே மாதம், இதே வால்பாறைச் சாலை. என்னிடம் இருந்தது ஏழு வயதான ஒரு சிறிய கார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அத்தை, நான் என்று ஐந்து பேர். பின்னால் டிக்கி நிறையச் சாமான். சமவெளியில் பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவன் என்ற துணிவு எனக்கு இருந்தது. ஏறும்போது எந்தக் குறையும் இல்லை. மாலை நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கியதும், நேரான பகுதிகளில் நியூட்ரலில் விட்டுக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். நேர்ப்பகுதி என்பது அந்தச் சாலையில் இருநூறு முந்நூறு மீட்டருக்கு மேல் கிடையாது. ஆகவே கால் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை.

வளைவுகளின் எண் அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது; இறங்கும்போது நாற்பதிலிருந்து குறைந்துகொண்டே வரும். இருபதாம் வளைவுக்குக் கீழே வரும்போது அத்தை, "எங்கியோ கம்பளி கருகற மாதிரி வாடை வருதுங்க மாப்பிள்ளை" என்றார்கள். வெளியே ஏதோ எரிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். அந்த ஒரு நிமிடத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். வண்டியே எனக்குச் சொல்லியது. நான் கண்ணாடியை ஏற்றினேன்.

பதினைந்தாம் வளைவைத் தாண்டிய இறக்கத்தில் பெடலை மிதித்தபோது ஈரப் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தது. இன்னொரு முறை மிதித்தேன். பெடல் தரைவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை. வேகம் முப்பத்தைந்து இருக்கும். கீழே அடுத்த வளைவின் சிறு சுவர் தெரிகிறது. அதற்கப்பால் ஆழியாறு அணையின் நீர் தெரிகிறது. பெடலை விடாமல் நான்கைந்து முறை குத்திக் குத்தி மிதித்ததில் சிறிது பிடிப்பு வந்தது. அதற்குள் இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி முன்னால் குனிந்து உறுமியது. வேகம் இருபதுக்கு வந்ததும் முதல் கியர். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலை ஒட்டி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களிலும் புகை.

சற்று நேரத்தில் தேயிலை மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து சக்கரத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பிரேக்க மிதிச்சுட்டே வந்தீங்களாக்கும்? மலையில வண்டிய கீர்ல புடிச்சு எறக்கோணுங்க. பிரேக்கு ஒத்தாசைக்குத்தானுங்க" என்றார். பிள்ளைகளுக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தவரும் அவரே. சிவக்கச் சூடான தட்டில் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். தானாக ஆறட்டும் என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அவருடைய லாரிக்குப் பின்னாலேயே, இரண்டாம் கியரை மாற்றாமல், ஆழியாறு வரை வந்து சேர்ந்தேன்.

13.04.2024, பின்னிரவு

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மலைச் சாலையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். வளைவில் கிடக்கும் ஒற்றைக் கல் இரவில் வரும் இருசக்கர வண்டிக்கு எமன். கல்லோடு கியரும் போட்டு வையுங்கள்: முகம் கீழே பார்த்திருந்தால் ரிவர்ஸ், மேலே பார்த்திருந்தால் முதல் கியர்.

14.04.2024

முதல் குறிப்பில் கொடுத்த கணக்கைத் திருத்துகிறேன். வண்டியின் எடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு டன் என்று எழுதியிருந்தேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை மறந்துவிட்டேன். ஐந்து பேரும் சாமானும் சேர்ந்தால் 1,300 கிலோவைத் தொட்டுவிடும். அப்படியானால் 2 யூனிட் என்பது 2.6 யூனிட்டுக்கு மேல் போகிறது. 25 லிட்டர் தண்ணீர் என்பது 32 லிட்டரைத் தாண்டுகிறது. தனியாக ஓட்டிப் பழகியவர் குடும்பத்தோடு போகும்போது அதே வண்டி அதே இறக்கத்தில் வேறு வண்டியாக நடந்துகொள்வது இதனால்தான்.

16.04.2024

"சூடானால் பெடல் ஏன் தரைக்குப் போக வேண்டும்? பிடிப்புக் குறையலாம், பெடலுக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருக்கிறார் ஓர் அன்பர். மிக நல்ல கேள்வி. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

தட்டையும் டிரம்மையும் உரசிப் பிடிக்கும் பேடும் லைனிங்கும் அளவுக்கு மேல் சூடானால் உராய்வு குறைந்துவிடும். அப்போது பெடல் கல்போல் உறுதியாக இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைகால் (glycol) என்னும் வேதிப்பொருள் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்குப் புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் கால் கொடுக்கும் விசை அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டால் கால் அந்தக் குமிழியைத்தான் நசுக்கும். விசை சக்கரத்துக்குப் போகாது. ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் இருந்தது என்று எழுதினேனே, அது இதுதான்.

என் வண்டியில் அந்தத் திரவம் மாற்றப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தது. பயணத்துக்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு பட்டறையில் சர்வீசுக்கு விட்டிருந்தேன். பில்லில் "பிரேக் ஆயில் — பார்க்கப்பட்டது" என்று இருந்தது. மாற்றப்பட்டது என்று இல்லை. அளவு குறையவில்லை என்று மூடியைத் திறந்து பார்த்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது பதினைந்தாம் வளைவில்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்த பிறகு வேறொரு மெக்கானிக் பழைய திரவத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துக் காட்டினார். புதிது விளக்கெண்ணெய் நிறத்தில் தெளிவாக இருக்கும். இது கருப்பட்டிக் காப்பிபோல் இருந்தது. நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, அதாவது குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி, புதிதை நிரப்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கான செலவு, மலையேறிப் போய் ஒரு வேளை குடும்பத்தோடு சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். டாட் 3-ஆ 4-ஆ என்பது அந்தத் திரவம் இருக்கும் சிறு தொட்டியின் (ரிசர்வாயர்) மூடியிலேயே எழுதியிருக்கும்.

17.04.2024

நிறத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். நேற்று நான் எழுதிய விதம் அப்படிப் பொருள்பட்டுவிட்டது. ஈரத்துக்கு நிறமில்லை, தெளிவாகத் தெரியும் திரவத்திலும் நீர் ஏறியிருக்கலாம். பேனா போன்ற ஒரு சிறு கருவியைத் திரவத்தில் நனைத்து ஈர அளவைப் பார்க்கும் வசதி இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. அது இல்லையென்றால் தேதியே அளவுகோல்.

20.04.2024

கேள்வி கேட்ட திருப்பூர் அன்பர், "நியூட்ரலில் போடமாட்டேன், வளைவில் மட்டும் கிளட்சை மிதித்துக்கொண்டு திருப்புவேன்" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. ஏனென்றால் பெரும்பாலோர் செய்வது இதுதான், தவறு என்றே அவர்களுக்குத் தெரியாது.

கிளட்ச் மிதிபட்டிருக்கும் நேரம் முழுவதும் வண்டி நியூட்ரலில் இருப்பதற்குச் சமம். கியர் லீவர் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பது பொருட்டே அன்று. கொண்டை ஊசி வளைவுதான் வேகம் கட்டுக்குள் இருக்க வேண்டிய இடம். அந்த இடத்தில் எஞ்சினின் பிடியை நாமே கழற்றிவிடுகிறோம். வளைவுக்கு ஐம்பது மீட்டர் முன்பே, வண்டி இன்னும் நேராக இருக்கும்போதே, பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு வந்து, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வளைவுக்குள் இடது காலுக்கு வேலையே இல்லை. எஞ்சின் திணறும் அளவுக்கு வேகம் இறங்கினால் மட்டும் முதல் கியர்.

நேர்ப்பகுதியில் மூன்றாம் கியருக்குப் போகலாமா என்று அதே மடலில் கேட்டிருக்கிறார். ஏறும்போது அந்த இடத்துக்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதுவே இறக்கத்துக்கும் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. இரண்டாம் கியரில் ஏறிய இடத்தை இரண்டிலேயே இறங்குங்கள். மூன்றில் பிரேக்கைத் தொடாமல் வேகம் கூடிக்கொண்டே போனால் அது மூன்றுக்கான இடம் அன்று.

21.04.2024

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் நால்வர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிடச் சேர்த்தே சொல்கிறேன். 'டி'-யில் போட்டு இறக்காதீர்கள். காலை எடுத்ததும் பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவிவிடும், எஞ்சின் பிடிக்காது. 2014-இல் செலேரியோவோடு நம் நாட்டுக் கார்களுக்கு வந்த ஏஎம்டி வகையில் (கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்வது) லீவரை 'எம்' பக்கம் தள்ளிக் கழித்தல் குறி இருக்கும் பக்கம் நகர்த்தி இரண்டில் நிறுத்துங்கள். கியர் படிகளே இல்லாத சிவிடி வகையில் 'எல்' அல்லது 'எஸ்' என்று இருக்கும்; அதில் போடுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்புபோல் இரண்டு பட்டைகள் உள்ள வண்டியில் இடது பட்டை கியரைக் குறைக்கும். மலையேறுவதற்கு முன் வீட்டருகே ஒரு மேம்பாலச் சரிவில் நாலைந்து முறை பழகிவிட்டுப் போங்கள்.

சில பெரிய வண்டிகளில் இறக்கத்தில் தானே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் இருக்கிறது. அது பிரேக்கை மிதிக்கும் வேலையைத்தான் உங்களுக்குப் பதிலாகச் செய்கிறது. சூடு அப்படியே வரும். கரடுமுரடான செங்குத்துச் சரிவில் சிறிது தூரம் ஊர்ந்து இறங்குவதற்கானது அது. இருபது கிலோமீட்டர் மலைப்பாதைக்கு அதை நம்ப வேண்டாம்.

25.04.2024

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டுவிட்டு மிதித்தால் சூடே ஏறாது என்று ஒரு மறுமொழியில் நான் எழுதியிருந்தேன். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் வாசகர் ஒருவர் அதைச் சரியாகவே மறுத்திருக்கிறார். எஞ்சின் பிடிக்காத வண்டியில், ஒரே உயரத்தை ஒரே சராசரி வேகத்தில் இறங்கினால், தொடர்ந்து மிதித்தாலும் விட்டு மிதித்தாலும் பிரேக்குக்குள் போகும் மொத்தச் சூடு ஒன்றுதான் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். பங்குபோட்டுக்கொள்ள எஞ்சின் இல்லாவிட்டால் எப்படி மிதித்தும் பயனில்லை.

ஆனால் விட்டு மிதிக்கும் பழக்கத்தை நான் கைவிடப்போவதில்லை. கால் ஓயாமல் பெடலில் கிடந்தால் வண்டி எப்போது நம் பிடியைவிட்டு நழுவத் தொடங்குகிறது என்பது தெரியாமலே போய்விடும். அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகத்தை இறக்கி, முழுவதும் விட்டுவிட்டால், அடுத்த மிதியில் பெடல் சற்று கீழே போகிறதா, முன்போலப் பிடிக்கிறதா என்பதைக் கால் உணரும். அந்த உணர்வுதான் முதல் எச்சரிக்கை. 2011-இல் அது எனக்கு எட்டாமல் போனதற்குக் காரணம், என் கால் பெடலைவிட்டு எழாததே.

28.04.2024

டீசல் எஞ்சின் பெட்ரோலைவிட நன்றாகப் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். 2.2 லிட்டர் டீசல் வண்டியை இறக்கிப் பார்த்த அன்பர் தம் அனுபவம் வேறு என்று எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் மூச்சுத் திணறி இழுக்க வேண்டியிருக்கும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கிறது. டீசலில் காற்று வழி பொதுவாகத் திறந்தே இருக்கும். அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங்போல் விரிந்து, வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். லாரிகளிலும் பேருந்துகளிலும் புகைக்குழாயை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைத்திருப்பது இந்தக் குறையை ஈடுசெய்யத்தான். 

ஆகவே கனமான டீசல் வண்டிக்காரர்கள் மற்றவர்களைவிட ஒரு கியர் குறைவாகவே இறங்குங்கள்.

02.05.2024

"இரண்டாம் கியரில் எஞ்சின் கத்துகிறது, என் மனைவி பயப்படுகிறார், எஞ்சின் கெட்டுப்போகாதா?" என்று கேட்டவருக்கு: கெடாது. சிறிய பெட்ரோல் காரில் இரண்டாம் கியரில் மணிக்கு நாற்பது என்றால் எஞ்சின் ஏறத்தாழ 3,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று, சுழலும். மீட்டரில் சிவப்புக் கோடு 6,000-க்குப் பக்கத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் போகும்போதும் அதே எஞ்சின் கிட்டத்தட்ட 3,000-இல்தான் சுழல்கிறது. அங்கே காற்றிரைச்சலும் பாட்டும் அந்தச் சத்தத்தை மறைத்துவிடுகின்றன. வேகம் ஐம்பது அறுபதில் இருக்கும்போது திடீரென்று முதல் கியரைத் திணிப்பதுதான் எஞ்சினுக்குக் கேடு. முதலில் பிரேக்கால் குறையுங்கள், பிறகு கியரைக் குறையுங்கள்.

இதே கேள்வியின் மறுபக்கமாக ஒருவர், எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டினால் முழு மிச்சம் அல்லவா என்கிறார். ஐயா, தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உங்கள் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்குகிறது. எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் அதில் இருப்பு இருக்கும்; பிறகு பெடல் கட்டையாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். சாவியை முழுவதும் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

06.05.2024

ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலை போகிறவர்களும் கேட்கிறார்கள். முறை எல்லா மலைக்கும் ஒன்றுதான். கவனம் வேண்டிய அளவு மாறும். ஏற்காட்டுக்குச் சேலம் வழியில் இருபது வளைவுகள். கொல்லிமலையில் எழுபது, அங்கே ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே மூச்சு விட நேரமில்லை என்பதால் இரண்டாம் கியரை மாற்றவே வேண்டியிருக்காது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் வளைவுகள் முப்பத்தாறுதான் என்றாலும் சரிவு மிகக் கடுமை. பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகளை அவ்வழியே கீழே விடுவதில்லை. தூரம் குறைவு என்று வரைபடம் காட்டினாலும் கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

எதிர்வண்டிக்கு வழிவிடுவதைப் பற்றி: குறுகலான மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்கே முன்னுரிமை; இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதைக்காகச் செய்வது மட்டுமன்று, சாலை விதியும் அதுவே. பாரத்தோடு ஏறும் வண்டி நின்றால் மறுபடி கிளம்புவது கடினம்.

19.05.2024

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த இறக்கம் வரவு. மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடிக்கும், 14.04 குறிப்பில் சொன்ன 2.6 யூனிட்டில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். ஆனால் மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த வரவை வாங்கி வைக்கப் பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் பிடிப்பது குறைந்து, மறுபடியும் எல்லாம் பிரேக் தலையில் விழும். எண்பதோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

20.05.2024

கார்க்காரர்கள் நடுவே ஸ்கூட்டர்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறார். கியரில்லா ஸ்கூட்டரில் வேகம் குறைந்து ஆக்சிலரேட்டரும் மூடியிருந்தால் கிளட்ச் தானே விலகிக்கொள்ளும். வண்டி நியூட்ரலில் உருளத் தொடங்கும். அப்போது ஆக்சிலரேட்டரை ஒரு நொடி இலேசாகத் திறந்து மூடினால் மீண்டும் பற்றிக்கொள்ளும். இரண்டு பேரும் மூட்டையுமாகக் கொல்லிமலைக்கு அதில் போகாமலிருப்பது நல்லது.

02.06.2024

திருப்பூர் அன்பர் போய் வந்துவிட்டார். முன்கூட்டியே பிரேக் திரவத்தை மாற்றியிருக்கிறார். பட்டறையில் நின்று, பழையதை வடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாராம். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. இறக்கம் முழுவதும் இரண்டும் மூன்றும். ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் காட்சி முனையில் பத்து நிமிடம் நிறுத்தி, வரையாடு பார்த்திருக்கிறார்கள்.

அவர் ஒரு சந்தேகத்தோடு திரும்பியிருக்கிறார். அவர் வண்டியில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் கோடு ஒன்று இருக்கிறது. கியரில் காலை எடுத்து இறங்கும்போதெல்லாம் அது கடைசிவரை நிறைந்து நின்றதாம். ஆனால் வளைவுகளுக்குள் வேகம் பதினைந்துக்குக் குறைந்தபோது கோடு பாதியாகச் சுருங்கியது ஏன் என்கிறார். முதல் குறிப்பில் நான் முழுமையாகச் சொல்லாமல் விட்டது இதுதான். எஞ்சின் ஐடிலிங் வேகத்தை நெருங்கும்போது, அணைந்துவிடாமல் இருக்கக் கணினி மறுபடியும் பெட்ரோலைத் தெளிக்கத் தொடங்கும். ஏசி ஓடினால் அது இன்னும் சீக்கிரம் தொடங்கும். ஆகவே செலவு சுழியம் என்பது இறக்கம் முழுவதற்கும் அன்று. எஞ்சின் விறுவிறுப்பாகச் சுழலும் நேரத்துக்கு மட்டும். அப்படியும் நியூட்ரலைவிட ஒரு சொட்டுக்கூட அதிகம் ஆகாது.

பெரியவரிடம் இதைச் சொன்னால் அவர் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டு கையில் ஊறிய பழக்கத்தை நாம் வாயால் சொல்லி மாற்ற முடியாது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது அவரையும் முன் இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப் போங்கள். நாற்பதாம் வளைவில் இரண்டாம் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.